ஜெனீவாவில் கேட்கிற நியாயம் சித்தேரிக்கும் வேண்டும்

கிருஷ்ணகிரிப் பக்கம் வெளிநாட்டு உறவு என்றால் முதலில் மாம்பழக்கூழ்தான். பெங்களூரா மாங்காய் டன் என்ன விலைக்குப் போகும் என்பதை அரபு நாட்டு ஆர்டரும் ஐரோப்பிய ஆர்டரும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அதனால் காவேரிப்பட்டணத்து டீக்கடையிலும் உலக அரசியல் ஓடும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை. பேச வேண்டியதுதான், பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அதே பேச்சுவார்த்தை மேஜைகளில் மாத்திரையும் ஊசியும் என்ன விலைக்கு வரும், யாருக்கு முதலில் வரும், யாருக்கு வராமலே போகும் என்பதும் முடிவாகிறது. அதை நாம் பேசுவதில்லை.

கொஞ்ச காலமாக எனக்கு இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருக்கிறது. காரணம், வெளியே போய் இந்தியா வைக்கிற வாதத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்த வாதத்தை வரி மாறாமல் எடுத்து தர்மபுரி மாவட்டத்துக்குள் வைத்தால், அதை எதிர்கொள்ள நம் ஊரில் யாரும் தயாராக இல்லை.

முதலில் அந்த வாதம் என்ன என்று பார்த்துவிடலாம். 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து ஜெனீவாவில் இருக்கிற உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன. கொரோனா முடிகிற வரைக்கும் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி இவற்றின் மீதான காப்புரிமையை நிறுத்தி வையுங்கள், செய்யத் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்யட்டும் என்பது கோரிக்கையின் சாரம். இது திடீரென்று முளைத்ததில்லை. 2001-இல் எய்ட்ஸ் மருந்துக்கு மேலைநாட்டுக் கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது மும்பையின் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னது. அதே வருஷம் நவம்பரில் தோஹாவில் கூடிய நாடுகள், மக்கள் உயிர் என்று வந்தால் ஓர் அரசு காப்புரிமையைத் தாண்டிப் போகலாம் என்று ஒப்புக்கொண்டன. அதன் வழியில்தான் 2012-இல் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்தை நாட்கோ கம்பெனி செய்ய இந்தியா கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருக்கிற கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் செய்துகொள்ள அனுமதி, கொடுத்தது. மாதம் 2.8 லட்சம் ரூபாய் ஆன மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது.

2020 கோரிக்கை என்ன ஆனது? 2022 ஜூன் வரை இழுத்தடித்தார்கள். கடைசியில் தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் நிபந்தனைகளோடு, ஒரு சலுகை கிடைத்தது. மருந்தையும் பரிசோதனைக் கருவியையும் ஆறு மாதத்தில் பார்க்கிறோம் என்றார்கள், அது அப்படியே அடங்கிவிட்டது. நடுவில் 2021 அக்டோபரில் கோவிஷீல்டு போட்ட இந்தியர்களைத் தடுப்பூசியே போடாதவர்கள் மாதிரி பிரிட்டன் நடத்தியது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான அதே மருந்து, புனேவில் தயாரானது. இந்தியா பதிலுக்கு பிரிட்டிஷ் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தலைப் போட்ட பிறகுதான் ஒரு வாரத்தில் இறங்கி வந்தார்கள். அந்த நாட்களில் இங்கே எல்லாருக்கும் கோபம் வந்தது, எனக்கும்தான். ஊசி ஒன்றே, போட்டுக்கொண்டவன் எந்த ஊர்க்காரன் என்பதை வைத்து அதன் மதிப்பை எப்படி மாற்றலாம் என்று கேட்டோம்.

அதே 2021-இல் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் அலை வந்ததும் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கொண்டுசேர்க்க உலக அளவில் போட்ட கோவேக்ஸ் திட்டம் புனே சீரம் நிறுவனத்தை நம்பியிருந்தது, அது ஆட்டம் கண்டது, ஆப்பிரிக்க நாடுகள் பல மாதம் காத்திருந்தன. நம் வீட்டில் பிணம் விழுந்துகொண்டிருந்த நேரம், நிறுத்தியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பது அதில் தெரிந்தது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்துவிட்டன, நடுவில் நாம், நமக்குப் பின்னால் மலாவியும் உகாண்டாவும்.

சரி, இப்போது சித்தேரிக்கு வருகிறேன்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சித்தேரி மலையைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: தர்மபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம், மலையாளிப் பழங்குடி மக்களின் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கிற மலை. பேர் மலையாளி என்றாலும் பேசுவது தமிழ்தான். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், 2011 கணக்குப்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாது, ஏலகிரி, எங்கள் வத்தல்மலை என்று கிழக்குத்தொடர் முழுக்க இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளை ஒட்டி இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடிகள் 1.1 சதவீதம், தர்மபுரி மாவட்டத்தில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்.

மலைப்பகுதியில் வேலை பார்க்கிற கிராம சுகாதார செவிலியர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒருமுறை அவரோடு மேலே போயிருந்தபோது அவர் கையில் வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த ரெஜிஸ்டர் வேறு, இது அவர் சொந்தமாக வாங்கிய நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மாசமாக இருக்கிற ஒரு பெண்ணின் பெயர், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, ரத்த அளவு. அதற்குக் கீழே, நாம் 108 என்று எழுதுகிற இடத்தில், அந்தப் பக்கத்து ஜீப்காரர் ஒருவரின் நம்பர். அதற்கும் கீழே நாலு ஆண்களின் பெயர். இவர்கள் யார் என்று கேட்டேன். ராத்திரியில் ஜீப் வராவிட்டால் டோலி தூக்க ஒப்புக்கொண்டவர்கள் என்றார். இருக்கிறார்களா, கீழே வேலைக்குப் போய்விட்டார்களா என்று ஒவ்வொரு மாதமும் விசாரித்து, போனவர் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுவாராம். சில பக்கங்களில் நாலு பெயரும் அடிக்கப்பட்டுப் புதுப் பெயர்கள் இருந்தன. திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கிளம்பியிருப்பார்கள்.

"அக்கா, எட்டாவது மாசமே கீழே கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம்ல? தங்கறதுக்குத்தான் ரூம் குடுக்குறாங்களே?" என்று கேட்டேன். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்னாடியே வந்து தங்க அறை இருக்கிறது, நல்ல ஏற்பாடு.

"வெச்சுக்கலாம் தம்பி. மேல இருக்கற ரெண்டு கொழந்தைக்கு யாரு சோறாக்கிப் போடுவா? சாமை அறுப்பு வேற. அந்தப் புள்ள வரமாட்டேன்னு சொல்லல, வர முடியலன்னு சொல்லுது."

டோலி என்றால் பல்லக்கு மாதிரி ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளக் கம்பு, அதில் போர்வையையோ பழைய சேலையையோ இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே படுத்திருப்பவரால் கால் நீட்ட முடியாது, உடம்பு வளைந்து முழங்கால் வயிற்றுக்கு வரும். இடுப்பு வலி எடுத்த பெண் அதில் எப்படி இறங்கி வருவாள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் தூக்குகிறவர் உயரம் குறைவாகவும் பின்னால் தூக்குகிறவர் உயரமாகவும் இருந்தால் இறக்கத்தில் தலை கீழே சாயும், அதனால் ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். இதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. இப்படி ஒரு கலை ஒரு சமூகத்துக்கு அத்துபடியாக இருக்க வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை இருக்கிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு அதிகாரிகள் மலையேறுவார்கள், பேப்பரில் படம் வரும். ஓட்டுப் பெட்டி போய்ச் சேருவதற்கு ஏதோ ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள், அது ஜனநாயகத்துக்கு நல்லதுதான். அதே பிடிவாதத்தோடு மற்ற மாதங்களில் மருந்துப் பெட்டியும் ஏற வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சார், அவங்களே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, நாட்டு மருந்து, மந்திரம்னு இருப்பாங்க." படித்தவர்கள் வாயிலிருந்துதான் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். சித்தேரி மலை அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையாளிக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்னது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தோரு வருஷம். காக்கிச் சட்டையையும் அரசாங்க ஜீப்பையும் பார்த்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் மந்திரமா?

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு மாதிரி வந்தது. கறுப்பின மக்கள் ஏன் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள் என்று 2021-இல் தொலைக்காட்சிகள் விவாதித்துக்கொண்டிருந்தபோது அங்குள்ள கறுப்பின மருத்துவர்கள் டஸ்கிகீயை நினைவுபடுத்தினார்கள். 1932 முதல் 1972 வரை, மேகநோய் வந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று அரசாங்கமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1997-இல் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். நம்பிக்கை போனதற்குக் காரணம் யார் என்ற கேள்வியை அங்கே பொதுவில் கேட்க முடிகிறது. இங்கே அதைக் கேட்பதற்கு முன்னாலேயே அறியாமை என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

அந்த நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் வாய்ப்பு வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். கொரோனா நேரத்தில் நாம் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதே, அது கறுத்த தோலில் தவறாகக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. மீட்டர் நல்ல எண் காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது, வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். இதைப் படித்தபோது எங்கள் ஊர் வார்டுகளில் அந்த எண்ணைப் பார்த்து "94 இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லப்பட்டவர்களைத்தான் நினைத்தேன். எங்கள் தோலும் கறுப்புதானே.

ஆனால் ஒன்று, அங்கே கணக்கு இருக்கிறது. 2021-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம், நிறுவனங்களில் இனவெறி இருப்பதாகச் சொல்ல முடியாது என்கிற மாதிரி ஓர் அறிக்கை கொடுத்தபோது மருத்துவர்களும் ஆய்வாளர்களும் எண்களைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவிலேயே யார் எந்த இனம் என்று இருக்கிறது. இங்கே? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பழங்குடி என்று ஒரே ஒரு கட்டம். மாவட்ட அளவில் எடுக்கிற மாதிரிக்குள் தர்மபுரி மலையாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு எண்ணிக்கை வராது. தேன்கனிக்கோட்டை இருளர் குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்து வயதைத் தாண்டுகிறார்கள் என்று கேட்டால் அந்தக் கணக்கெடுப்பிலிருந்து பதில் எடுக்க முடியாது. பிறகு எதை வைத்து விவாதம் செய்வது?

இந்திய அளவில் ஒரே ஒரு பெரிய முயற்சி நடந்தது. டாக்டர் அபய் பாங் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 2018-இல் பழங்குடி ஆரோக்கிய அறிக்கையைக் கொடுத்தது. அதில் காசநோய் பற்றி ஒரு கணக்கு உண்டு: லட்சம் பேருக்குப் பழங்குடிகளிடம் 703, மற்றவர்களிடம் 256. இது ஏதோ உடம்பு வாகு என்று கடந்துபோகிற வித்தியாசமில்லை. சத்தில்லாத சாப்பாடு, புகை நிறைந்த ஒற்றை அறை, சளிப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை விட வேண்டிய தூரம், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்.

இந்தக் காசநோயில்தான் வெளியுறவும் மலையும் நேராகச் சந்திக்கின்றன. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு பெடாகுயிலின் என்று ஒரு மாத்திரை. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் காப்புரிமையை இன்னும் நீட்டிக்க இந்தியாவில் விண்ணப்பித்தது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் இரண்டு பெண்கள் உண்டு: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்தால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது, இந்தியக் கம்பெனிகள் அந்த மாத்திரையைச் செய்ய வழி திறந்தது. இரண்டு நாட்டு நோயாளிகள் சேர்ந்து செய்த இந்த வேலையை நான் வெளியுறவுக் கொள்கை என்றே சொல்வேன், பல தூதரகங்கள் செய்வதைவிட உருப்படியானது.

அதே சமயம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில், மருந்து கிடைக்கச் செய்வதற்குக் கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் உரிமமே விரும்பத்தக்க வழி என்று ஒரு வாசகம் ஏறியிருக்கிறது. சட்டத்தில் கட்டாய உரிமம் இன்னும் இருக்கிறது என்கிறது அரசு, இருக்கிறதுதான். ஆனால் 2001-இலிருந்து நாம் உலக மேடையில் சொல்லிவந்தது கம்பெனியின் மனசை நம்பி உயிரை வைக்க முடியாது என்பது. கார், விஸ்கி, ஜவுளி என்று பத்திரிகைகள் எழுதிய அளவில் நூற்றில் ஒரு பங்கு இந்த வாசகத்துக்குக் கிடைக்கவில்லை. காசநோய் எங்கே அதிகம் என்று மேலே சொன்னேன், இந்த வாசகத்தின் சுமை முதலில் விழப்போவதும் அங்கேதான்.

பாம்புக் கதையையும் சொல்லியாக வேண்டும். மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் ஆரம்பித்தது. அதற்கு முன் பாம்புத் தோல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது, பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். சட்டம் வந்து அந்த வியாபாரம் நின்றதும் பிழைப்புப் போனது, ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் துணையோடு விஷம் எடுக்கும் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலிலும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் நம் ஜி.எச்.சில் போடுகிற பாம்புக்கடி ஊசி. இந்தியா முழுவதற்குமான விஷத்தில் பெரும்பகுதி பல காலமாக இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. சங்கத்துக்காரர்கள் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள், 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்தியக் கம்பெனிகளின் பாம்புக்கடி ஊசி ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. பிரான்சின் சனோஃபி கம்பெனி ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான தன் மருந்தை, லாபமில்லை என்று நிறுத்திய பிறகு அங்கே ஏற்பட்ட காலியிடத்தில் நம் சரக்கு நுழைந்தது. நம் பாம்பின் விஷத்தில் செய்தது அந்த ஊர்ப் பாம்புக்கு வேலை செய்யாமல் ஆட்கள் செத்த இடங்களும் உண்டு. 2017-இல் உலக சுகாதார அமைப்பு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தபோது, ஏழைகளை மட்டும் கொல்லும் நோய்க்கு மருந்து செய்ய யாரும் வரமாட்டார்கள் என்ற உண்மையை உலகம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்பது 2020-இல் வந்த கணக்கு.

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் உடலைத் தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்தார். அங்கே இருப்பவர்களும் மலையாளி மக்கள்தான், எங்கள் சித்தேரிக்காரர்களுக்குச் சொந்தபந்தம். ஒரு பழங்குடி பிடித்துக் கொடுத்த விஷத்தில் செய்த மருந்து கடல் தாண்டிப் போகிறது, இன்னொரு பழங்குடியின் குழந்தைக்கு அடிவாரம் வரை வந்து நின்றுவிடுகிறது. ஜெனீவாவில் நம் தூதர் எழுந்து சொல்கிற அதே வாக்கியம் இதற்கும் பொருந்துகிறது: மருந்து இருக்கிறது, தேவைப்படுகிறவனிடம் போய்ச் சேர ஏற்பாடு இல்லை, ஏற்பாடு செய்யாமல் இருப்பது ஒரு முடிவு.

ஏற்பாடு செய்தால் நடக்கும் என்பதற்கும் எங்கள் மாவட்டங்களிலேயே சாட்சி இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல் கறுக்கும், எலும்பு வளையும். பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கம் காவி படிந்த பல்லோடு சிரிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளோடுதான் நான் படித்தேன். 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் அரசின் கடன். 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது, கொஞ்ச நாள் தள்ளிப்போனது, பிறகு நடந்து 2013-இல் ஜெயலலிதா திறந்து வைத்தார். இரண்டு கட்சி, இரண்டு மாநிலச் சண்டை, ஒரு வெளிநாட்டுக் கடன் எல்லாவற்றையும் தாண்டித் தண்ணீர் வந்தது. 3 நகராட்சி, 17 பேரூராட்சி, 6,755 குடியிருப்புகள் என்று ஊர் ஊராகக் கணக்கில் எழுதியிருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எழுதிய ஊருக்குத் தண்ணீர் போயிற்றா என்று கேட்க முடியும். மலைமேல் பல குக்கிராமங்கள் இன்றைக்கும் ஊற்றையும் கிணற்றையும் நம்பித்தான் இருக்கின்றன, அவற்றையும் இதே போலப் பேர் சொல்லி எழுத வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, எத்தனையோ பெரியவர்களுக்கு நிஜமான உதவி. 2022-இல் கிருஷ்ணகிரிக்கு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. சமவெளியில் தமிழ்நாடு செய்ததைப் பார்த்து மற்ற மாநிலங்கள் பொறாமைப்படலாம். அதனாலேயே மலை இன்னும் உறுத்துகிறது, பணமோ திறமையோ இல்லை என்ற சாக்கு நமக்குக் கிடையாது.

உள்வீட்டு விஷயத்தை வெளியே சொல்லி நாட்டின் மானத்தை வாங்காதே என்று ஒரு தரப்பு உண்டு. 2001-இல் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது தலித் அமைப்புகள் சாதியையும் பேச வேண்டும் என்றன, இந்திய அரசு சாதி இனமில்லை என்று அதைத் தடுத்தது. 2007-இல் பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, இங்குள்ள எல்லாருமே பூர்வகுடிகள்தான் என்றது. அந்தச் சொல் நன்றாக இருக்கிறது, எல்லாரும் ஒன்று என்கிறது. ஆனால் எல்லாரும் ஒன்று என்று எழுதிய தாளில் யாருக்கு டோலி, யாருக்கு 108 என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. தோஹாவில் நம் நியாயம் எடுபட்டது நாம் வித்தியாசத்தைப் பேசியதால்: ஏழை நாடும் பணக்கார நாடும் ஒன்றில்லை, ஒரே விதியை இருவருக்கும் போடாதே என்றோம்.

உள்ளேயும் பட்டியல்கள் நுணுக்கமாக வெட்டுகின்றன. 2023 நவம்பரில் ஆரம்பித்த பி.எம். ஜன்மன் திட்டம் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் இருளர் உண்டு, மலையாளி இல்லை. தேன்கனிக்கோட்டை இருளர் குடியிருப்புக்கு அதில் வழியிருக்கிறது, போகட்டும், சந்தோஷம். சித்தேரிக்கு வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

அந்தக் கதவு ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலைக்குச் சாலை கேட்டால் காடு, வனத்துறை அனுமதி வேண்டும் என்பதுதான் வழக்கமான பதில். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐ எடுத்துப் பாருங்கள். சாலை, ஆஸ்பத்திரி, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராமசபை பரிந்துரைத்தால் கொடுக்கலாம். டெல்லிக்குக் கோப்பு போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் வழக்குகளில் மாட்டி 2016 வரை பட்டா கொடுக்கவே முடியாமல் கிடந்ததால், இப்படி ஒரு பிரிவு இருப்பது பல ஊராட்சித் தலைவர்களுக்கே தெரியவில்லை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனிமேல் ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவில் குக்கிராமத்தின் பெயர், சமூகம், கடித்த நேரம், ஊசி போட்ட நேரம் நாலையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஒரு வருஷம் போனால் எந்த மலையிலிருந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது எண்ணாகக் கையில் இருக்கும், அப்போது வரமாட்டார்கள் என்று யாரும் வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அக்டோபர் 2 கிராமசபை நாள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி ஊராட்சிகளில் தெரிந்தவர்கள் இருந்தால் இந்த 3(2) பிரிவைச் சொல்லுங்கள். தீர்மானத்தில் எந்தக் குக்கிராமத்திலிருந்து எந்த இடம் வரை எத்தனை மீட்டர் சாலை என்று அளவோடு எழுத வேண்டும், பொதுவாகச் சாலை வசதி வேண்டும் என்று எழுதினால் செல்லாது. அகலத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பத்தாயிரம் சதுர மீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீர்மான நகலில் தலைவர் கையெழுத்தோடு வந்திருந்தவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும், ஒரு நகலை மாவட்ட வன அலுவலருக்கும் ஒன்றைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.